மறு பெரட்டு

தெமோதரை
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி ஜெனிட்டா எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையை அறிவித்துவிடுகிறது. உன் சுகம் எங்களுக்குக் கடிதத்தில்தான் தெரியவேண்டும். போனும் இல்லை, மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும்தான் கடிதம் போடலாம் என்றால் அது என்ன சட்டமோ! மடத்தில் உங்களுக்குப் பைத்தியம் பிடிக்காதா?

ஒரு துக்கச் செய்தி. பயப்படாதே, நம் வீட்டில் இல்லை. நம் சின்ன வயதிலிருந்தே ஓடுகிற 'பவளமல்லி வாசல்' சீரியலில் மாதங்கியைக் கொன்றுவிட்டார்கள். லாரி மோதி! அந்த நடிகை வேறு சீரியலுக்குப் போய்விட்டாளாம். தங்கச்சி யாமினி காய்ச்சலில் கிடந்தபோது, "இவள் பிழைத்தால் மூத்தவளைப் பிள்ளையில்லாத பெரியம்மாவுக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று தாய் சத்தியம் செய்ய, வாய் திறக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் மாதங்கி. அவளுக்குக் கடைசியில் லாரியா?

எனக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் கரண்ட் போனால் சீரியலின் மிச்சத்தை நீதானே சொல்வாய்? நம் லயத்து வரிசைவீட்டு வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்பாய். விடியக்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் வாசித்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதுபோல, "மாதங்கி, ஆறாம் நம்பர் மலை! யாமினி, தேயிலை ஸ்டோருக்குப் போ! பெரியம்மா, புள்ளைக்காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்க!" என்று கத்துவாய். சென்னைப் பங்களாக்காரர்கள் எல்லாரும் அன்றைக்கு நம் தோட்டத்து ஆட்கள். அதற்குப் பெரட்டுக் கதை என்று பெயர் வைத்தோம். அதையேதான் இப்போது போனில் ஒரு கதைச் செயலியில் எழுதுகிறேன். பதுளைக் கடையில் என்னோடு வேலை செய்யும் ஸனா, இதற்கு இங்கிலீஷில் பெரிய பெயரெல்லாம் உண்டு என்கிறாள். எனக்குப் பெரட்டே போதும். நாற்பத்தொரு பேர் வாசித்திருக்கிறார்கள்!

முதல் மூன்று அத்தியாயத்தையும் எங்கள் முதலாளி ஜஸீல் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். பொய் சொல்லுமுன் மாதங்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கும் அந்தப் பழக்கம் இருந்ததால்தானே உன்னை மாதங்கி என்று பட்டம் சொல்லிக் கூப்பிட்டேன்? அதனால் இதில் குறை சொல்ல உன்னைவிட உரிமை யாருக்கும் இல்லை.

உன் செல்லத் தங்கச்சி,
ஜெனிட்டா

நவசந்நியாச இல்லம், கண்டி
03.03.2024

இயேசுவில் அன்பான ஜெனிக்கு,

அம்மா, அப்பா, உனக்கு என் செபங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் நலம்.

உன் கதையை எனக்கு முன்னால் எங்கள் பொறுப்புச் சிஸ்டர் வாசித்தார். போகிற கடிதமும் வருகிற கடிதமும் அவர் கைக்குப் போய்த்தான் வரும். "பெரட்டு என்றால் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டுத் தந்துவிட்டார்.

குறை கேட்டாய் அல்லவா, கேள். மாதங்கியை ஆறாம் நம்பர் மலைக்கு அனுப்பினாய், சரி. பங்களாவைப் பிடுங்கி லயத்துக் காம்பராவைக் கொடுத்தாய், அதுவும் சரி. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் கங்காணியைப் பார்த்து அவள் கத்துகிறாளே, அது யார்? எனக்குத் தெரிந்த மாதங்கி கத்தமாட்டாள். கூடையை இறக்கி வைப்பாள், தண்ணீர் குடிப்பாள், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்பாள். பெரட்டில் ஆளுக்கு மலையை மாற்றலாம் ஜெனி, மலைக்கு ஆளை மாற்றக்கூடாது. வாசிக்கிறவர்கள் புது இடத்தைப் பார்க்க வரவில்லை. இந்த இடத்திலும் அவள் அவளாகவே இருப்பாளா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

அப்பாவை முழங்காலுக்கு எண்ணெய் போடச் சொல்.

அன்புடன்,
நிலக்ஷனா

தெமோதரை
24.03.2024

அன்பான அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீ நலம் என்று எழுதியதை வாசித்து அம்மா கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

அக்கா, நீ மடத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்நேரம் நீ கதை எழுதுவாய், நான் உனக்கு எடுபிடி! நீ சொன்னபடி கத்துகிறதை வெட்டிவிட்டுத் தண்ணீரைப் போட்டேன். அறுநூறு பேர் வாசித்துவிட்டார்கள். கனடாவில் இருந்து ஒரு அக்கா, "அந்தத் தண்ணீரில்தான் நான் அழுதேன்" என்று எழுதியிருக்கிறார். ஸனா கடையில் கொப்பி மெஷினை ஓடவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள். "ஏன்டி, அவ உங்க லயத்துல இருந்தாலும் எனக்கு டீவியில பாத்த மாதங்கிதான்டி தெரியுறா" என்கிறாள்.

அவள் உன்னைப் பற்றியும் கேட்டாள். "ஒங்க அக்கா ஏன் சிஸ்டராப் போனாங்க?" என்றாள். எனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததையும், நான் பிழைத்தால் ஒரு பிள்ளையை மாதாவுக்குக் கொடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டதையும் சொன்னேன். "அப்ப அவங்களுக்கு விருப்பமா?" என்று கேட்கிறாள். விருப்பம்தான் என்று சொல்லிவிட்டேன். விருப்பம்தானே அக்கா?

இப்போது வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். சீரியலில் மாதங்கி வீட்டைவிட்டுப் போனாள், உன் கதையில் ஏன் போகவில்லை, எந்த இடத்தில் மாறியது என்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. சீக்கிரம் எழுது.

ஜெனிட்டா

நவசந்நியாச இல்லம், கண்டி
05.05.2024

இயேசுவில் அன்பான ஜெனிக்கு,

ஏப்ரல் ஞாயிறு எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். இங்கே வெயில், பானைத் தண்ணீர்தான் துணை. இப்போதும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நலமாய் இருக்கிறேன்.

உன் வாசகர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாவற்றையும் மாற்றினால் அது வேறு கதை. ஒன்றை மட்டும் மாற்று. அதுவும் சின்னதாக இருக்கவேண்டும். பெரிய அதிசயம் செய்தால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் யாருடைய வீட்டிலும் அப்படி நடப்பதில்லை.

யாமினியின் காய்ச்சலை எடுத்துக்கொள். அவள் சாகக்கிடந்ததும் பிழைத்ததும் அப்படியே இருக்கட்டும். ஆனால் காய்ச்சல் ஒரு மணி நேரம் முந்தி இறங்கட்டும். தாய் சத்தியம் செய்ய வாயைத் திறக்கும் நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து, "தேத்தண்ணி" என்று கேட்கட்டும். தாய் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாள். அவ்வளவுதான். வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மணி நேரம் எங்கேயோ இருக்கும். அதைத்தான் தேடிக்கொண்டு உன் கதைக்கு வருகிறார்கள்.

ஒன்று கவனம். யாமினிமேல் குற்றம் விழாமல் எழுது. அவள் குழந்தை. அவள் பிழைத்ததில் மாதங்கியைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

அன்புடன்,
நிலக்ஷனா

தெமோதரை
28.08.2024

அன்பான அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதாததற்கு என்ன திட்டு வேண்டுமானாலும் திட்டு. எல்லாரும் சுகம். எனக்குக் கைதான் ஓயவில்லை. நீ சொன்ன அந்த ஒரு மணி நேரத்தை எழுதினேன். நாலாயிரம் பேர்! இப்போது வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் போடாவிட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

ஒரு விசயம். கடையில் அடித்த தாள்களை மேசையில் வைத்திருந்தேன், அம்மா எடுத்து வாசித்துவிட்டார். காய்ச்சல் அத்தியாயம்தான். வாசித்துவிட்டு, "இது சீரியல் கதையா, நம்ம கதையா?" என்று கேட்டார். "சீரியல்தாம்மா, அக்காதான் சொல்லிக் குடுத்துச்சு" என்றேன். அம்மா தாள்களை மேசையில் வைத்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று ரொட்டி முழுக்கக் கருகிப்போயிற்று. கதை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போல.

முடிவை மட்டும் சொல்லிக்கொடு அக்கா, முடித்துவிடுகிறேன். சீரியலில் செத்தவளை இங்கே என்ன செய்வது?

ஜெனிட்டா

நவசந்நியாச இல்லம், கண்டி
06.10.2024

இயேசுவில் அன்பான ஜெனிக்கு,

அம்மாவின் ரொட்டி கருகியதை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன், திரும்பப் பிரித்தேன். பிறகு போய்த் தண்ணீர் குடித்தேன். நான் நலம். டிசம்பர் எட்டாம் தேதி எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். அதற்குமுன் நன்றாக யோசிக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்திப் பிடித்துவைப்பதில்லை.

முடிவு கேட்டாய். இதுவரை நீ எழுதியது போகாத மாதங்கி. கடைசியில் போன மாதங்கியையும் ஒரு தடவை கொண்டுவா. பெரியம்மா வீட்டில் இருப்பவள், அவர்களோடு ரயிலில் பதுளைக்குப் போகட்டும். நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை. பின்னேர ரயில். தெமோதரையில் இரண்டு நிமிஷம் நிற்கும்.

ஸ்டேஷன் மேடையில் யாமினி நிற்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். பேசவேண்டாம், அழவேண்டாம். யாமினி நின்றால் மாதங்கி இறங்கிவிடுவாள். இல்லாவிட்டால் இறங்கமாட்டாள். வாயால் கேட்கவும் மாட்டாள். கேட்டால், உன்னைப் பிழைக்கவைத்ததற்கு விலை அதிகம் என்று தங்கச்சியிடம் சொன்னதுபோல் ஆகிவிடும்.

தேதியை மாற்றாதே ஜெனி. நேரத்தையும் மாற்றாதே.

அன்புடன்,
உன் அக்கா

தெமோதரை
22.10.2024

அன்பான அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து போன கிழமைதான் கைக்கு வந்தது. நம் லயத்துக்கு என்றைக்கு ஒரு நம்பர் போடுவார்களோ, அன்றைக்குத்தான் தபால் வீட்டு வாசலுக்கு வரும்.

முடிவை எழுதிவிட்டேன்! ஆனால் கோபித்துக்கொள்ளாதே, கொஞ்சம் மாற்றிவிட்டேன். யாமினி நிற்க, மாதங்கி இறங்க, உடனே முடிந்தால் சப்பென்று இருக்கிறது. வாசகர்களிடம் வாக்கெடுப்பு வைத்தேன். முக்கால்வாசிப் பேர் யாமினி பிந்தி வரட்டும் என்றார்கள். அதனால் அவளைப் பாதி வழியில் மழையில் மாட்டிவிட்டேன். அவள் ஓடிவந்து மேடையில் ஏறும்போது ரயில் போய்விடுகிறது. அப்பப்பா, கருத்துப்பெட்டி நிரம்பி வழிகிறது! ஸனா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

தேதியையும் எடுத்துவிட்டேன். கதையில் தேதி வந்தால் அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரி இருக்கிறது. நவம்பர் ஒன்பதில் உனக்கு அப்படி என்ன ஆசை? அன்றைக்கு எனக்குக் கடையில் தலைக்குமேல் வேலை, பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாக வரும்.

பதில் போடு.

ஜெனிட்டா

நவசந்நியாச இல்லம், கண்டி
01.12.2024

இயேசுவில் அன்பான ஜெனிக்கு,

நான் நலம். தண்ணீர் குடித்தாயிற்று.

உன் அக்டோபர் கடிதம் நவம்பர் பத்தாம் தேதிதான் என் கைக்கு வந்தது. ஒன்பதாம் தேதி எங்களில் நாலு பேரைப் பதுளைக்கு ஒரு திருவிழாவுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னேர ரயில். தெமோதரை வருமுன்பே பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மேடையில் வடை விற்கிற அம்மா ஒருவர், ஒரு நாய், கொடியோடு ஸ்டேஷன் ஆள். எதிரே ஏதோ தாமதமாம், இரண்டு நிமிஷத்துக்குப் பதில் ஆறு நிமிஷம் நின்றது. உனக்கு நேரம் போதாது என்று யாரும் சொல்லமுடியாது.

பிறகு ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போகுமே, அதற்குமுன் நிமிர்ந்து பார்த்தேன். சின்னப்பிள்ளையில் ஒரே ரயிலுக்கு மேலே ஒருதரம், கீழே ஒருதரம் கைகாட்டுவோம் அல்லவா? இந்தத் தடவை ரயிலுக்குள் இருந்து பார்த்தேன்.

உன் முடிவு நல்ல முடிவு. என்னுடையதைவிட அதைத்தான் வாசகர்கள் நம்புவார்கள். யாமினி பிந்தித்தான் வருவாள். தனக்காக யாராவது காத்திருப்பார்கள் என்றே வளர்ந்த பிள்ளை அவள். அவளைக் குறை சொல்லி என்ன?

எட்டாம் தேதிக்கு வர வசதிப்படாவிட்டால் சிரமப்படவேண்டாம் என்று அம்மாவிடம் சொல். அன்றுமுதல் என் பெயர் சிஸ்டர் மேரி செலின்.

நிலக்ஷனா

தெமோதரை
14.12.2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் எட்டு நாள் கிடந்து நேற்றுத்தான் வந்தது. அம்மாவும் அப்பாவும் எட்டாம் தேதி உன் பூசைக்கு வந்தார்கள். நான் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டேன். அதுவும் பொய், அக்கா. அன்றைக்கு விசேஷ அத்தியாயம் போடுவதாக வாசகர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

உன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்து வாசித்தேன். மார்ச்சில் தண்ணீர். மேயில் தண்ணீர். அக்டோபரில் தண்ணீர். டிசம்பரில் தண்ணீர். கனடாவில் இருக்கிற யாரோ ஒரு அக்காவுக்கு அது விளங்கியது, உன் கூடப் பிறந்த எனக்கு விளங்கவில்லை. நான்தான் உனக்கு அந்தப் பட்டத்தையே வைத்தவள்!

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு அந்தக் காய்ச்சல் கதையிலயே தெரிஞ்சுபோச்சு, புள்ள. மாதாகிட்ட வாக்கு குடுத்துட்டேனே, எப்பிடித் திரும்ப வாங்குறதுன்னு பேசாம இருந்துட்டேன்" என்று சொல்லி அழுதார். அப்பா வெளியே போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ரயில் வந்தது, போயிற்று. கீழே சுரங்கத்து வாய்க்கு இறங்கி ஓடினேன். அதே பெட்டிகள், அதே ஆட்கள், ஜன்னலில் அதே வெள்ளைக்காரப் பிள்ளை. கையைக் காட்டலாம், யாரையும் இறக்க முடியாது. அப்போதுதான் நான் எழுதிய கதை என்னவென்று எனக்கே தெரிந்தது.

வந்ததும் முடிவை மாற்றினேன். யாமினியை மேடையில் நிற்கவைத்தேன். மாதங்கியை இறக்கினேன். யாரும் நம்பவில்லை, அக்கா. "பழைய முடிவுதான் உண்மை" என்று எழுதுகிறார்கள். ஸனாகூடப் போனில், "நல்லாத்தான் இருக்கு, ஆனா நடக்கலயே" என்றாள்.

முதல் வார்த்தைப்பாடு ஒரு வருஷத்துக்குத்தான் என்று அம்மா சொன்னார். அப்படியானால் இன்னும் இருக்கிறது அல்லவா? எந்தக் கிழமை என்று சொல். விடியப் பெரட்டு நேரத்துக்கே ஸ்டேஷனில் போய் நிற்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் பொறுப்புச் சிஸ்டர் வாசித்தாலும் பரவாயில்லை. சிஸ்டர், தயவுசெய்து இதை அக்காவிடம் கொடுங்கள்.

ஜெனிட்டா

தெமோதரை
19.01.2025

அக்கா,

ஜனவரி ஞாயிறு போய்விட்டது. ஆபீசில் மூன்று தடவை கேட்டுவிட்டேன், உன் கடிதம் இல்லையாம். செயலியில் கதையை மொத்தமாக அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஸ்டேஷனில் நிற்கிறேன். வடைக்கார அம்மா, "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். ஒரு வடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வரி போதும்.

ஜெனிட்டா

கண்டி
02.02.2025

ஜெனிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பொறுப்புச் சிஸ்டர் டிசம்பர் கடிதத்தைப் பிரித்து, முதல் பக்கத்தோடு வாசிப்பதை நிறுத்தி மடித்து, "இது உங்க வீட்டுக் கடிதம்" என்று தந்துவிட்டார். அவர் நல்லவர். ஜனவரியில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

கதையை அழிக்காதே. இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவை. நடக்காதது என்று தெரிந்துகொண்டேதான் அவர்கள் வாசிக்கிறார்கள். தெரியாவிட்டால் அழுகை வராது. அம்மாவிடம், அவர் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை நான் ஒருநாளும் குற்றமாக எண்ணவில்லை என்று சொல். நீ உயிரோடு இருக்கிறாய். அதில் எனக்கு எந்த மாற்றமும் வேண்டாம். எந்தப் பெரட்டிலும் வேண்டாம்.

இங்கே சின்னப்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தி மட்டும் எப்போதும் பிந்தி வருவாள், அவளுக்காக மற்றவர்களைக் காத்திருக்க வைக்கிறேன். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதைத் தண்ணீர் குடிக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் போகாதே. மழையில் உனக்குக் காய்ச்சல் வரும். வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கும் நாள் டிசம்பர் எட்டு. இந்தத் தடவை அது திங்கட்கிழமை.

ஒவ்வொரு கடிதத்திலும் என் சுகத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவேன் அல்லவா? இன்றைக்கும் அதை எழுதுவதற்கு எழுந்து போனேன். பானையைத் திறந்து டம்ளரை முக்கினேன். பிறகு தண்ணீரைத் திரும்ப ஊற்றி, மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தில் அந்த வரி இல்லை.

அக்கா